வியாகுலமேரி சொன்ன ‘வேணாம்’

“நான் ஒண்ணு சொல்லணும்” என்றாள் ஜோதி மேரி.

அண்ணாமலை நகரில் அந்தச் சின்ன வீட்டின் ஹாலில் பெண் பார்க்க வந்தவர்கள் நிமிர்ந்தார்கள். காபியைக் கொடுத்துவிட்டு உள்ளே போயிருக்க வேண்டிய பெண், நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.

“காலேஜ் படிக்கிறப்ப எனக்கு டிப்ரஷன் வந்துச்சு. ஒரு வாட்டி சாகவும் பாத்தேன். டாக்டர்கிட்ட போய்த்தான் சரியாச்சு. இப்பவும் தெனம் ஒரு மாத்திரை சாப்பிடுறேன். மறைச்சுக் கட்டிக்க எனக்கு மனசு வரல.”

அவளுடைய அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் அக்கா நித்யா மேரி எழுந்து போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள். “இதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேணும், தெரியுமா? நான் மனநல கவுன்சலர். இது ஒண்ணும் குத்தமில்ல.”

மாப்பிள்ளை ஆரோக்கிய ஜெகனும் தலையாட்டினான். “எனக்கு ஆட்சேபணை இல்ல.”

மாப்பிள்ளையின் அம்மா வியாகுலமேரி மட்டும் ஜோதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, குடிக்காத காபியைக் கீழே வைத்தாள்.

“இது வேணாங்க. நாங்க கெளம்புறோம்.”

ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை. ஜோதி தலையைக் குனிந்துகொண்டாள்.

“இதுக்குத்தான் வாயத் தொறக்காதடின்னு தலப்பாடா அடிச்சிக்கிட்டேன்” என்று அவள் அம்மா அழுதது, வாசலில் செருப்பு மாட்டும்போது எல்லோருக்கும் கேட்டது.

காரில் கடலூர் திரும்பினார்கள். ஆலப்பாக்கம் தாண்டியதும் ஜெகன்தான் ஆரம்பித்தான்.

“நல்ல பொண்ணுக்கா. அமைதியா இருக்கு. எதுத்துப் பேசாது. ம்... அம்மாவுக்குப் புடிக்கலன்னா என்ன பண்றது?”

தம்பிக்கு இருக்கிற மனசு அம்மாவுக்கு இல்லையே என்று நித்யாவுக்கு ஆத்திரமாக வந்தது.

கடலூர் ஓல்டு டவுன் வீட்டில் இருவரையும் இறக்கிவிட்டு ஜெகன் நண்பர்களைப் பார்க்கப் போனான். கதவைச் சாத்தியதுமே நித்யா வெடித்தாள்.

“அந்தப் பொண்ணோட மூஞ்சியப் பாத்தியாம்மா? உண்மையச் சொன்னதுக்கா இந்தத் தண்டனை?”

வியாகுலமேரி கைப்பையை ஆணியில் மாட்டினாள்.

“மஞ்சக்குப்பத்துல கவுன்சலிங்குக்குன்னு ரெண்டு நாற்காலியப் போட்டு உக்காந்தப்ப ஒருத்தரும் வரல. பைத்தியக்கார டாக்டர்னு சிரிச்சாங்க. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் ஒவ்வொரு மாதா கோயிலாப் போயி மைக்கப் புடிச்சேன். குப்பம் குப்பமா ஏறி எறங்குனேன். மனசுக்கு மருந்து சாப்பிடுறது கேவலமில்லன்னு சொல்லிச் சொல்லித்தான் இப்ப நாலு பேரு மொகத்த மூடாம வர்றாங்க. நாளைக்குப் பரங்கிப்பேட்டைல பொம்பளைங்க கூட்டம். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசுவேன்? எங்கம்மாவே அப்பிடிப்பட்ட பொண்ண ஒதுக்கிட்டாங்கன்னு சொல்லட்டுமா?”

வியாகுலமேரி ஜன்னல் வழியே தெருவை எட்டிப் பார்த்தாள். மகன் போய்விட்டான் என்று நிச்சயமானதும் கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

“நீ ஆறாங்கிளாஸ்லேருந்து ஹாஸ்டல். அப்புறம் காலேஜு, கல்யாணம். இந்த வீட்டுக்கு நீ விருந்தாளியாத்தான் வந்து போன. உங்கப்பா கை நீட்டுறத நீ பாக்கக் கூடாதுன்னுதான் அனுப்புனேன்.”

“அப்பாவா?”

“அவரு போனதோட ஓஞ்சுதுன்னு நெனச்சேன். உன் தம்பிக்கும் அதே கை. வெளில அவன மாதிரித் தங்கமான புள்ள கெடையாது. குடிச்சிட்டு வந்தா நான் அவனுக்கு அம்மா இல்ல.”

ரவிக்கையின் கையைக் கொஞ்சம் மேலே தூக்கினாள். தோளுக்குக் கீழே நீலமாகக் கன்றியிருந்தது.

நித்யா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?”

“ஊரு கஷ்டத்தையெல்லாம் கேட்டுட்டு, பாதி உசுரா வர்ற. அதுல என்னோடதையும் எங்க ஏத்துறது?”

வியாகுலமேரி ரவிக்கையின் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

“அந்தப் பொண்ணு ஒரு தடவ செத்துப் பொழச்சு வந்திருக்கா. அவள இட்டாந்து இவன்கிட்ட ஒப்படைக்கச் சொல்றியா? இன்னொரு தடவ அவ பொழைக்க மாட்டாடி.”

“காரணத்த அங்கயே சொல்லியிருக்கலாமேம்மா. தன்னோட நோய்தான் காரணம்னு அவ நெனச்சிட்டிருப்பாளே...”

“பெத்த புள்ளையப் பத்தி அவன எதுக்கவே வச்சுக்கிட்டு எப்பிடிச் சொல்லுவேன்? வீட்டுக்கு வந்து என்ன பண்ணுவான்னு எனக்குத்தான் தெரியும். நாளைக்கு நீயே போ. சீக்கு அவகிட்ட இல்ல, எங்க வீட்டுலதான் இருக்குன்னு சொல்லு.”

நித்யா அம்மாவின் மடியில் தலையைச் சாய்த்தாள். அந்தத் தலையைத் தடவியபடியே வியாகுலமேரி தணிந்த குரலில் சொன்னாள்.

“மாத்திரை சாப்பிடுற பொண்ண எனக்குப் புடிக்காமப் போகுமா? நீ இந்தப் படிப்புல சேர்றதுக்கு முன்னாடியிருந்தே, துணி எடுக்கப் போறேன்னு பாண்டிச்சேரி போயி, நானும் அதத்தான் வாங்கி முழுங்கிட்டிருக்கேன்.”