முக்கால் மணி நேர மரம்

"அண்ணே, மரம் நல்லா இருக்கு, வெட்ட வேண்டாம்னு நீங்களே சொல்லிடுங்க. நான் சொல்லச் சொன்னேன்னு மட்டும் காட்டிக்காதீங்க!"

கேட்டைத் திறக்கும்போதே படபடவென்று கொட்டிவிட்டாள் மருமகள். தோளில் கயிற்றுச் சுருளும் கையில் ஏணியுமாக வந்து நின்ற மர வைத்தியர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மரம் வெட்டுவது மட்டுமல்ல, எந்த மரத்துக்கு என்ன சீக்கு என்று பார்த்துச் சொல்வதும் அவர் தொழில்தான்.

"மரம் என்ன சொல்லுதோ அதைத்தாம்மா நான் சொல்வேன். உள்ளே உளுத்துப் போயிருந்தா வெட்டணும்னுதான் சொல்வேன். பொய் சொல்லப்போய், நாளைக்கு யார் தலையிலயாவது விழுந்தா?"

மருமகள் மரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

தப்பு அவள் பேரில்தான். கணவன் தன்னைக் கொஞ்சம் பாவமாகப் பார்க்கட்டுமே என்று, "தினமும் இந்தச் சருகைப் பெருக்கிப் பெருக்கி என் இடுப்பே போச்சு" என்று போன வாரம் ஒரு பேச்சுக்குச் சொல்லித் தொலைத்தாள். அவன் நல்ல மனுஷன். அப்படியே நம்பிவிட்டான். மறுநாளே மர வைத்தியரின் நம்பரைத் தேடிப் பிடித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி, "இந்த மரமே வேண்டாம், வெட்டிடலாம்" என்று அறிவித்தும்விட்டான்.

உண்மையில் அவள் பெருக்குவது பத்தே நிமிடம். மிச்ச நேரமெல்லாம் துடைப்பத்தை மரத்தில் சாய்த்துவிட்டு, அதன் பின்னால் ஒளிந்து நின்று அக்காவிடம் போனில் பேசுவாள். கணவன் ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டால் அந்த இரண்டு அறை வீட்டில் அவளும் மாமியாரும்தான். எங்கே நின்றாலும் மாமியார் கண்ணில் படாமல் இருக்க முடியாது. மனம்விட்டுச் சிரிக்கவும், மூக்கைச் சிந்தி அழவும் அவளுக்கென்று இருந்தது காலையில் அந்த முக்கால் மணி நேரம் ஒன்றுதான். சில நாள் அவள் உள்ளே காலை வைத்ததும், "அந்த மூலையில இன்னும் நாலு சருகு கெடக்கு பாரு" என்று மாமியார் திருப்பி அனுப்பிவிடுவார். அதற்கு மட்டும் அவள் முகத்தைச் சுளித்ததே இல்லை.

மரம் போனால் அத்தனையும் போச்சு.

லீவு போட்டிருந்த கணவன் வெளியே வந்தான். பின்னாலேயே மாமியாரும் வந்து, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு படியில் நின்றார்.

மர வைத்தியர் ஒரு மரச் சுத்தியலால் அடிமரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டி, காதை வைத்துக் கேட்டார். டொக், டொக் என்று கெட்டியான சத்தம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் தொம் என்றது. மருமகளுக்கு உயிரே இல்லை. அவர் அந்த இடத்தைக் கத்தி முனையால் குத்திப் பார்த்தார். ஏணி வைத்து ஏறினார், கிளைகளின் தோலை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"மரம் கல்லு மாதிரி இருக்கு சார். தொம்முனு கேட்டது மேல் பட்டைதான், உள்ளே கட்டை கெட்டி. கூரைக்கு மேல நீட்டிக்கிட்டிருக்கற அந்த ரெண்டு கிளை மட்டும் பட்டுப்போச்சு, இன்னைக்கே எடுத்துடறேன். அடியில சிமெண்ட் போட்டு அது கழுத்தை நெரிச்சு வெச்சிருக்கீங்களே, அதை உடைச்சு எடுங்க. வேர் மூச்சு விட வேண்டாமா?"

"அதெல்லாம் சரிங்க. சருகு கொட்டறது நிக்குமா?"

"மரம்னா கொட்டத்தான் செய்யும். இன்னும் தெம்பாச்சுன்னா இன்னும் கொட்டும்."

கணவன் தாடையைச் சொறிந்தான். "அப்ப வெட்டிடறதே மேல். இவ இடுப்பு என்னத்துக்கு ஆகறது?"

மருமகளுக்கு வாய் வரைக்கும் வார்த்தை வந்தது. ஆனால் இடுப்பு வலியே பொய் என்றா சொல்வாள்?

"போதும்டா!" என்று ஒரு அதட்டல் கேட்டது. மாமியார்தான். "நல்லா இருக்கற மரத்தை யாராவது வெட்டுவாங்களா? நாலு சருகு பெருக்கினா இடுப்பு ஒடிஞ்சா போயிடும்? நாங்கல்லாம் பெருக்கலையா? சின்னப் பொண்ணுதானே, பெருக்கட்டும். ஒரு மணி நேரம் ஆனாலும் சுத்தமா பெருக்கட்டும்!"

கணவன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். அவளும் ரொம்பக் கஷ்டப்பட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, மாமியாரின் கொடுமைக்காக அவரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது.

கணவன் கடப்பாரை இரவல் வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் போனான். மாமியார் உள்ளே போய்விட்டார். பட்ட கிளைகளைக் கயிறு கட்டிப் பக்குவமாக இறக்கிவிட்டு, மர வைத்தியர் நிழலில் உட்கார்ந்தார். மருமகள் டீயை நீட்டினாள்.

"ரொம்ப நன்றிண்ணே. நான் கேட்டுக்கிட்டேன்னு எனக்காகத்தானே அப்படிச் சொன்னீங்க?"

"அட, நீங்க வேற. மரம் நல்லா இருந்துச்சு, சொன்னேன். இல்லேன்னா நீங்க ரெண்டு பேரு கெஞ்சினாலும் நான் மசிஞ்சிருக்க மாட்டேன்."

"ரெண்டு பேரா?"

மர வைத்தியர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் விடுகிற மாதிரித் தெரியவில்லை. வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நேத்தே உங்க மாமியார் எனக்கு போன் பண்ணிட்டாங்கம்மா. 'அவ வெளியில பெருக்கற அந்த முக்கால் மணி நேரந்தாம்ப்பா நான் இந்த வீட்டுல வாய்விட்டுப் பாடறேன், மரத்து மேல கையை வெச்சுடாதே'ன்னு!"