திரையில் இல்லாத கேள்வி

பெயரைக் கேட்டதற்கு, மாமனார் மருமகனின் பெயரைச் சொன்னார்.

முழுப்பெயர். முதலெழுத்தோடு.

மருமகன் ஹெட்போனைச் சரிசெய்துகொண்டான். அந்த வாயிலிருந்து தன் பெயரை அவன் கேட்பது இதுதான் முதல் முறை. அதையும் தன்னுடையது என்கிறார் மனிதர்.

சந்தா கட்டினால் டிவியில் சினிமா, சீரியல் காட்டும் ஓடிடி கம்பெனி அது. வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் எல்லோருக்கும் கம்பெனியே ஒரு பெயர் வைத்திருந்தது. அந்தப் பெயரில்தான் அவன் வணக்கம் சொல்லியிருந்தான். எதிர்முனையில் இருந்தவருக்கு எதுவும் தெரிய நியாயமில்லை.

"என்ன பிரச்சினை சார்?"

"டிவி என் வீட்டுக் கூடத்துலதான் இருக்கு. ஆனா, இந்த டிவி உங்க வீட்டைச் சேர்ந்தது இல்லைன்னு அதுவே சொல்லுது. படம் வரமாட்டேங்குது."

கல்யாணம் முடிந்த கையோடு மனைவியைக் கூட்டிக்கொண்டு போய் நின்றபோது, கதவைப் பாதி திறந்து மாமனார் சொன்னதும் ஏறக்குறைய அதே வாக்கியம்தான். டிவி கொஞ்சம் மரியாதையாகச் சொல்கிறது.

கணக்கைத் திறந்தான். மேலே அவன் புகைப்படம். ஊழியர்களுக்கு இலவசமாகக் கொடுத்த கணக்கு. கடவுச்சொல்லை வீட்டுக்கு வெளியே யாருக்குக் கொடுத்தாலும் வேலை போய்விடும். போன மாதம் ஒருத்தன் போனான், அத்தை மகளுக்குக் கொடுத்து.

கேண்டீனில் தினமும் இதே பட்டிமன்றம்தான். கடவுச்சொல்லைப் பகிர்வது திருட்டு என்றது ஒரு கட்சி. ஒரு சிகரெட்டை நாலு பேர் இழுப்பதில்லையா என்றது மறு கட்சி. அவன் திருட்டுக் கட்சி. மேசையைத் தட்டிப் பேசியவன்.

மனைவி எந்தக் கட்சி என்பது இப்போதுதான் தெரிந்தது.

முதுகுக்குப் பின்னால் சூப்பர்வைசரின் ஷூ சத்தம்.

செய்ய வேண்டியது எளிது. மன்னிக்கவும், நீங்கள் அந்த வீட்டைச் சேர்ந்தவர் அல்ல. வாக்கியத்தைக் கம்பெனியே எழுதிக் கொடுத்திருக்கிறது. பழிவாங்கச் சம்பளமும் தருகிறார்கள்.

பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது. கொஞ்சம் ஊறட்டும் என்று விட்டான்.

பிறந்த தேதி கேட்டான். சரியாகச் சொன்னார். அம்மாவின் பெயர் கேட்டான். அதையும் சொன்னார், சம்பந்தி வீட்டு வாசற்படியை மிதிக்காதவர்.

முதலில் வாங்கிய வண்டி?

"ஸ்கூட்டர். பச்சை கலரு. பின் சீட்டு கிழிஞ்சிருக்கும்."

திரையில் ஸ்கூட்டர் என்று மட்டும்தான் இருந்தது. நிறமும் கிழிசலும் அவராகச் சேர்த்தவை. அந்தப் பின் சீட்டில் ஏறித்தான் அவர் மகள் போனாள்.

சூப்பர்வைசர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். திரையில் கேள்விகள் தீர்ந்துவிட்டன.

"கடைசியா ஒண்ணு சார். உங்க மாமனார் உங்களை எப்படிக் கூப்பிடுவார்?"

எதிர்முனையில் எங்கோ ஒரு பெண் பக்கவாத்தியங்களோடு அழுதுகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு டிவியாக இருக்கும்.

"கூப்பிட்டதில்ல," என்றார் மாமனார்.

வேலை போனால் வீட்டோடு மாப்பிள்ளையாகப் போகக்கூட வழியில்லை என்பது ஞாபகம் வந்தது. இருந்தும் அனுமதிப் பொத்தானை அழுத்தினான். ஏதோ அறிவிப்பு வந்தது. படிக்காமலே மூடினான்.

"சரியான பதில் சார். இப்ப படம் வருதா?"

"வருது, வருது." கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டார்.

"வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

இதுவும் கம்பெனி வாக்கியம்தான். எல்லோரும் இல்லை என்று சொல்லி வைத்துவிடுவார்கள்.

"நாளைக்கும் இந்த நேரத்துக்கு நீங்கதான் இருப்பீங்களா?"

"இருப்பேன் சார்."

"சரி," என்று வைத்துவிட்டார்.

பக்கத்து சீட்டுக்காரி நாற்காலியோடு உருண்டு வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உன் பேர்ல ஒரு பெரியவர் வருவாரே, அவரா? போன வாரம் எனக்கு வந்தார். உன் போட்டோவைப் பார்த்துட்டு, வாயைத் திறக்காம டிவியைத் திறந்து விட்டுட்டேன். முந்தாநாள் மூலை சீட்டுக்கு வந்தாராம். நேத்து அந்தப் புதுசா சேர்ந்தவளுக்கு. டிவி என்னமோ அன்னிக்கே சரியாயிடுச்சு. அப்புறம் எதுக்குத்தான் போன் போட்டுக்கிட்டே இருக்காரோ."