போர்த்துக்கீசப் பேர்

மெல்றோயின் மூக்கிலிருந்து வடிந்த இரத்தத்தைத் தன் சேலைத் தலைப்பாலேயே துடைத்தார் ஜெயரூபி ரீச்சர். "அழாத ராசா. கொஞ்சம் குனிஞ்சுகொண்டிரு."

அஞ்சாம் வகுப்பு வாசலில் மூன்று பெடியன்கள் நின்றார்கள். ஒருத்தன் முகத்திலும் பயமில்லை.

"ஏன்டா இவனுக்கு அடிச்சனீங்கள்?"

"கோணேசர் கோயிலைப் போர்த்துக்கீசர்தானே ரீச்சர் இடிச்சவங்கள்," என்றான் ஜதுர்சன். "இவனும் போர்த்துக்கீசன். நேற்று நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

சொன்னது உண்மைதான். நேற்றுத் திருகோணமலைக் கோட்டையின் வரலாறு படிப்பித்தார். கோயிலைக் கல்லுக் கல்லாய்ப் பெயர்த்துக் கோட்டை கட்டிய கதையைப் பிள்ளைகள் கண்கலங்கக் கேட்டார்கள். "இடிச்சவையின்ர பேர் இன்னும் எங்கட ஊரில இருக்கு. றொசாரியோவும் போர்த்துக்கீசப் பேர்தான்," என்று முடித்துவிட்டு, மெல்றோய் றொசாரியோ இருந்த வாங்குப் பலகையைப் பார்த்தபடி சோக்குக் கட்டியைக் கீழே வைத்தார்.

அது வாய் தவறி வந்ததல்ல.

பதினொரு வருசத்துக்கு முன், அவருடைய ஒரே தங்கச்சி லக்சனா, தச்சுவேலை செய்த கிளமென்ற் றொசாரியோவோடு மட்டக்களப்புக்கு ஓடிப்போனாள். "இனி ரெண்டு பேரும் எங்கட வாசல் மிதிக்கப்படாது," என்றுவிட்டார் அப்பா. அடுத்த வருசமே அவள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனதாகச் செய்தி வந்தது. என்ன நோய் வருத்தமென்று கேட்கவும் வீட்டில் ஒருவரும் போகவில்லை.

இந்த வருசம்தான் கிளமென்ற் ஒரு மகனோடு திருகோணமலைக்குத் திரும்பியிருந்தான். லக்சனா செத்த கையோடு இன்னொருத்தியைக் கட்டிப் பிள்ளையும் பெற்றிருக்கிறானே என்று ஜெயரூபிக்கு நெஞ்சு எரிந்தது. அவனை ஒன்றும் செய்ய ஏலாது. ஆனால் பிள்ளை அவருடைய வகுப்பில் இருந்தான்.

செய்தி கேட்டு, துறைமுகத்தடி வள்ளப் பட்டறையிலிருந்து கிளமென்ற் ஓடி வந்தான். சட்டையெல்லாம் மரத்தூள். மகனின் வீங்கிய முகத்தைக் கண்டதும் முழங்காலில் விழுந்து அவனைக் கட்டிக்கொண்டு விம்மினான்.

ஜெயரூபி கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். நெஞ்சு குளிர்ந்தது. ஆனாலும் போதவில்லை. லக்சனாவின் இடத்துக்கு வந்த அந்தப் பொம்பிளையும் வந்து அழ வேண்டும்.

"பெடியன்கள் பாடம் படிச்ச சூட்டில அடிச்சுப்போட்டாங்கள். நாளைக்கு இவன்ர தாயையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாங்கோ. நான் கதைக்கோணும்."

கிளமென்ற் நிமிர்ந்து அவரைப் பார்த்தான்.

"தாய் இல்லை ரீச்சர். இவனைப் பெத்த அண்டைக்கே போயிட்டா. பிறகு நானும் இவனும்தான்."

மகனின் புத்தகப் பையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டான். பிள்ளையின் தலையைத் தடவி, ரீச்சரின் பக்கம் மெல்லத் திருப்பிவிட்டான்.

"பெரியம்மாட்டச் சொல்லிப்போட்டு வா, மகன்."