வெள்ளிப் பறவை விலைபோன நாள்

இங்கிலாந்தில் பெரிய மனிதர்களுக்கென்றே சொகுசு கார்கள் செய்துவந்த தொழிற்சாலை ஒன்று நொடித்துப்போனது. அதை வாங்க ஆட்கள் வந்த காலையில், மேஜையில் கிடந்த சுத்தியலுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

எதிரே, கடைசிக் காரின் மூக்கில் கம்பெனிச் சின்னமாக நின்ற வெள்ளிப் பறவை சிரித்தது. "ஏனப்பா நடுங்குகிறாய்? நான் இருக்கிறவரை கம்பெனிக்குச் சாவில்லை."

"நீ நிற்கிற இடத்தை வழவழப்பாக்கியது யார், மகாராணி? என்னைப் பிடித்து வேலை செய்த வில்ஃபிரெட் கண்ணை மூடிக்கொண்டு தகரத்தைத் தடவுவார். அவர் கை சொன்ன இடத்தில் நான் தட்டுவேன். மதியச் சங்கு ஊதினால் முந்நூறு சுத்தியல்கள் ஒன்றாக ஓயும். அந்த அமைதியைக் கேட்டிருக்கிறாயா நீ?"

"அட போ, பழங்கதை!"

வந்தவர்கள் பறவையை நெம்பிப் பிடுங்கிப் பட்டுத் துணியில் சுற்றினார்கள். "பெயரும் சின்னமும் போதும். காரை எங்கள் ஊரிலேயே செய்துகொள்கிறோம்" என்றார் ஒருவர்.

துணிக்குள்ளிருந்து பறவை கூவியது: "பார்த்தாயா, பிழைத்துவிட்டோம்!"

கதவு சாத்தப்பட்டது. பறவையைப் பிடுங்கிய இடத்தில் தகரம் நெளிந்திருந்தது. அரை மணி நேர வேலைதான் என்று சுத்தியல் கணக்குப் போட்டது. ஆனால் வில்ஃபிரெட்டை வீட்டுக்கு அனுப்பி ஆறு மாதமாகியிருந்தது.