சாம்பல் கட்டம்

"திரும்பவும் கட்டம்!"

டைப்பிஸ்ட் அக்கா மவுசை மேசையில் ஒரு தட்டு தட்டினாள். திரையில், அச்சகத்துக்கு வந்திருந்த பள்ளிக்கூட ஆண்டு மலர். எழுத்தெல்லாம் பளிச்சென்று இருந்தது. படம் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறும் சாம்பல் கட்டம்.

கம்ப்யூட்டர் மெக்கானிக்குக்குக் கோபம் வந்தது. "என்னக்கா விளையாடறீங்களா? ரெண்டு தடவை சரி பண்ணிக் குடுத்திருக்கேன்."

"நீ வர்றது நான் வீட்டுக்குப் போனப்புறம். காலைல வந்து பாத்தா கட்டம்தான் இருக்கு. அதான் இன்னைக்குப் பகல்லயே வரச் சொன்னேன். என் கண்ணு முன்னாடி பண்ணு."

அவன் உட்கார்ந்து நாலு இடத்தில் தட்டிப் பார்த்தான். கம்ப்யூட்டரில் ஒரு கோளாறும் இல்லை. படத்தைக் காட்டாமல் வேகமாக ஓட்டுவதற்கு அந்த சாஃப்ட்வேரில் ஒரு வசதி உண்டு. அதை யாரோ மறுபடி போட்டு வைத்திருந்தார்கள்.

"இது தானா மாறாதுக்கா. யாரோ வேணும்னே மாத்தறாங்க. காலைல முதல்ல வந்து கதவைத் திறக்கறது யாரு?"

அக்கா கண்ணாடி ரூம் பக்கம் மோவாயைக் காட்டினாள். முதலாளி.

"அதானே பாத்தேன்! புது மெமரி வாங்குங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். எச்சில் கையால காக்கா ஓட்டாத ஆளு. காசு செலவாகும்னு படத்தையே மறைச்சுட்டாரு. கெட்ட பேரு மட்டும் எனக்கு!"

அவன் விறுவிறுவென்று கண்ணாடி ரூமுக்குள் போனான்.

"ஏன் சார், நான் சரி பண்ணப் பண்ண நீங்க மாத்தறீங்களா?"

"கதவைச் சாத்து."

சாத்தினான்.

"அந்த மலர்ல கடைசிப் பக்கம் பாத்தியா?"

"படம் தெரியுதான்னுதான் பாப்பேன். யார் படம்னு எனக்கெதுக்கு சார்?"

"அது அவ பொண்ணு."

மெக்கானிக் கண்ணாடி வழியாக அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

"காய்ச்சல்னு படுத்த புள்ள எந்திரிக்கவே இல்ல. கூடப் படிச்ச பசங்க அதுக்கு ஒரு நினைவுப் பக்கம் போடறாங்க. இந்த வேலையே வேணாம்னு பள்ளிக்கூடத்துல சொல்லப் போனேன். இவதான் நான் பண்றேன்னு ஒத்தக் கால்ல நிக்கறா. படம் வைக்கறது என் வேலை. அந்தப் படத்தை வைக்கறப்ப எனக்கே மனசு தாங்கலப்பா. மூஞ்சியைக்கூட நிமிர்ந்து பாக்கல. வச்சேன், மூடிட்டேன். பெத்தவ எப்படிப் பாப்பா?"

"சார்..."

"நாளைக்கு அச்சுக்குப் போயிடும். அது வரைக்கும் கட்டமாவே இருக்கட்டும். நீ போய், ரிப்பேர் ஆகாதுன்னு சொல்லிட்டு அப்படியே கிளம்பு. அவ கிட்ட நின்னு பேசாத."

மெக்கானிக் வெளியே வந்தான். கஞ்சன் என்று கத்தியது ஞாபகம் வந்து அசிங்கமாக இருந்தது.

"அக்கா... அது வந்து..."

"ஆகாதுன்னு சொல்லச் சொன்னாரா?"

அவன் தலை குனிந்தான்.

"எனக்குத் தெரியும் தம்பி. வீட்ல பொண்ணோட அப்பா ஆல்பத்தை எல்லாம் பீரோவுல வச்சுப் பூட்டிட்டாரு. எதிர்வீட்டுக்காரி என் தலையைக் கண்டா தன் புள்ளைங்களை உள்ள கூப்பிட்டுக்கறா. எல்லாரும் நல்லவங்கதான். நான் அழுவேன்னு பயம். அந்தப் பக்கத்துல அவ பேரை அடிச்சது நான். செத்த தேதியை அடிச்சது நான். மூஞ்சியை மட்டும் பாக்கக் கூடாதா?"

மெக்கானிக் கண்ணாடி ரூமைப் பார்த்தான். அப்புறம் குனிந்து ஒரே ஒரு தட்டு தட்டினான்.

கட்டம் போய்ப் படம் வந்தது. யூனிஃபார்மில் ஒரு பெண், கூச்சமாகச் சிரித்துக்கொண்டு.

அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு பார்த்தாள். அழவில்லை. அவளுக்குப் புருவம்தான் சுருங்கியது.

"இது என் பொண்ணு இல்ல."

"கண்ணைத் தொடச்சுட்டு நல்லா பாருங்கக்கா..."

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. இது அவ கூட்டாளி. நேத்துகூட பஸ்ல கையாட்டிட்டுப் போச்சு. அய்யோ, உயிரோட இருக்கற புள்ளையைப் போய்..."

முதலாளி கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். திரையைப் பார்த்தார். முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். முகம் வெளுத்துப்போனது.

"படத்துல ரெண்டு புள்ளைங்க நின்னுச்சும்மா... இந்தப் பக்கம் நிக்கறதுதான் உன் பொண்ணுன்னு நினைச்சு..."

படத்தின் ஓரத்தில், அந்தப் பெண்ணின் தோள்மேல் ஒரு கை மட்டும் தெரிந்தது. கைக்குச் சொந்தக்காரி கட்டத்துக்கு வெளியே வெட்டுப்பட்டு நின்றாள்.

அக்கா மவுசைப் பிடித்தாள். கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே இருந்த படத்தை மட்டும் மெதுவாக இழுத்தாள். கூட்டாளி நகர்ந்து நகர்ந்து மறைந்தாள். கைக்குப் பின்னால் முழங்கை வந்தது, தோள் வந்தது. அப்புறம் வாயெல்லாம் பல்லாக, கண் பாதி மூடிக்கொண்டு ஒரு முகம் வந்தது.

"படம் எடுக்கறப்ப கண்ணை மூடாதடின்னா, கேட்கவே மாட்டா" என்றாள் அக்கா. அதற்குப் பிறகுதான் அழுதாள்.

முதலாளி திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

ரிப்பேர் ஆகாதுன்னு சொல்லிட்டு அப்படியே கிளம்பு என்றுதான் மெக்கானிக்கிடம் சொல்லியிருந்தது. அவன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அக்கா பக்கத்தில் உட்கார்ந்தான்.