ஷபீ பாயின் கைராசி

பள்ளிகொண்டா தாண்டியதும் முனீர் அகமதின் புதுக் கார் இருமிவிட்டு நின்றது. பின்னால் வந்த ஷபீ அஹமதும் தம் காரை நிறுத்தினார். அது இருபது வருஷத்து வண்டி. பெயிண்ட் பாதிக்கு மேல் உதிர்ந்திருந்தாலும் ஒருநாளும் வழியில் நின்றதில்லை.

"பாய், ஆம்பூர்லயே வண்டி வைத்தியம் தெரிஞ்ச ஆள் நீங்கதான். இன்னான்னு பாருங்க" என்றார் முனீர்.

ஷபீ எஞ்சின் மூடியைத் தூக்கினார். வழியில் போன தோல் பதனிடும் ஷாப்பு ஆட்கள் கூடிவிட்டார்கள். எதைத் தொடுவதென்று அவருக்குத் தெரியவில்லை.

"ஸ்பானர் எடுத்துட்டு வர்றேன்" என்று தம் வண்டிக்கு நடந்து, பின் இருக்கைத் திரையோரம் குனிந்தார்.

"அன்வரி, இன்னா பண்றது?"

திரைக்குள்ளிருந்து மனைவி மெல்லச் சொன்னாள்: "இருமிட்டு நிக்குதுன்னா பெட்ரோல் ஏறலை. டாங்கியிலேர்ந்து வர்ற சின்னக் குழாயைக் கழட்டி ஊதுங்க. எத்தனையோ வாட்டி காட்டியிருக்கேனே."

இருபது வருஷமாக அந்தப் பழைய வண்டியைக் கழற்றி மாட்டியவள் அவள்தான். ஊர் புகழ்ந்ததெல்லாம் அவரை.

ஷபீ ஊதினார். கார் கிளம்பியது.

"கைராசின்னா இதுதான்" என்று முனீர் அவர் தோளைத் தட்டினார். "யார்கிட்ட கத்துக்கிட்டீங்க பாய்?"

ஷபீ வாயைத் திறந்தார். அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யார்கிட்டயும் இல்ல. பழக்கம்தான்" என்றார்.

வண்டியில் ஏறி உட்கார்ந்ததும், திரை விலகி ஒரு துணி நீண்டது.

"தொடைச்சுக்குங்க" என்றாள் அன்வரி. "இன்னிக்குத்தான் உங்க கையில கரி பட்டிருக்கு."

வாங்கிக்கொண்டார். திரும்பிப் பார்க்க அவருக்கு முகமில்லை.