கடைசி சைரன்

"யாரு எழுதினது அதை?"

இடுப்பில் பிள்ளையோடு அலுவலகத்தின் நடுவில் வந்து நின்றாள் நெய்டே. இதே அலுவலகத்தில் கணினி நிரல் எழுதிக்கொண்டிருந்த எடில்சனின் மனைவி. மண்சரிவில் அவனைப் பறிகொடுத்து ஒரு வாரம்தான் ஆகிறது.

முதலாளி எவால்டோ தன் அறையிலிருந்து ஓடிவந்தான்.

மழை அளவு மீறினால் ரியோவின் ஐந்து மலைக் குடியிருப்புகளிலும் சைரன் ஊத வேண்டும். அதற்கு நிரல் எழுதித் தந்தது இவர்கள்தான். அன்று நாலு சைரன் ஊதின. எடில்சன் வீடிருந்த மலையில் மட்டும் ஊதவில்லை. யார் எந்த வரியை எழுதினார்கள் என்றெல்லாம் எவால்டோ என்றைக்குப் பார்த்தான்? ஒப்பந்தம் வந்தால் சரி.

"நான்தான் எழுதினேன்." எழுந்து நின்றாள், அங்கே நிரல் எழுதும் ஜுசாரா.

"சைரன் பட்டியல் லுவாங்கிற நிரல் மொழியில இருக்கு. அது ஒண்ணுலேருந்து எண்ணும். அதை, பூஜ்யத்துலேருந்து எண்ணுற சி மொழியில படிக்கிறப்போ, பழக்கதோஷத்துல பூஜ்யத்துலேருந்தே எண்ணியாச்சு. அங்க ஒண்ணுமே இல்ல. ஒரு சுத்து வீணாப்போய், கடைசி சைரன் விட்டுப்போச்சு."

"என்னடி, பாடமா நடத்துற?" நெய்டே குமுறினாள். "இறங்கிடலாம் வாங்கன்னு கெஞ்சினேன். 'ஆபத்துன்னா சைரன் ஊதும், பயமா இருந்தா நீ பிள்ளையோட உங்கம்மா வீட்டுக்குப் போ'ன்னார். அவ்வளவு நம்பினாரே! கொன்னுட்டியேடி, பாவி!"

பளாரென்று ஓர் அறை. ஜுசாரா கன்னத்தைத் தொடக்கூட இல்லை.

"இவ இனிமே இங்க இருக்கக்கூடாது!"

"இருக்க மாட்டாம்மா. இப்பவே அனுப்பிடறேன்" என்றான் எவால்டோ.

நெய்டே அழுதுகொண்டே போனாள். ஜுசாரா பையில் சாமான்களை எடுத்துவைக்க ஆரம்பித்தாள்.

"பூஜ்யத்துக்கும் ஒண்ணுக்கும் வித்தியாசம் தெரியாத உன்னை வேலைக்கு வெச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்!" எவால்டோ பொரிந்து தள்ளினான். "அந்த சைரன் வேலை போன பிப்ரவரி கார்னிவலுக்கு முன்னாடியே முடிஞ்சு..."

நிறுத்தினான்.

"நீ சேர்ந்ததே ஜூன்லதானே?"

ஜுசாரா பையை மூடினாள்.

"ஏய், இரு. நீ எங்கேயும் போக வேண்டாம். எவன் எழுதினான்னு சொல்லு, அவனை அனுப்பறேன்."

"நான் போய்த்தான் ஆகணும் எவால்டோ. இல்லேன்னா நெய்டே திரும்ப வந்து துருவித் துருவிக் கேப்பா. எழுதினது எடில்சன்னு அவளுக்குத் தெரியவே கூடாது."